14 கடைக்கும் ஒரே விலைப்பட்டியல்: அனுப்பியாச்சு சரி, போய்ச் சேர்ந்ததா?

கேள்வி: காட்பாடியில், மருந்துக் கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று மொத்தம் 14 கடைகள். ஒவ்வொரு கடையிலும் உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட ஒரு சின்ன சர்வர் இருக்கிறது. தினமும் காலையில் விலைப்பட்டியல் ஃபைலை எஸ்சிபி (நெட்வொர்க் வழியாக ஃபைலை நகலெடுக்கும் கட்டளை) மூலம் ஒவ்வொரு கடையாக அனுப்புகிறேன். முக்கால் மணி நேரம் பிடிக்கிறது. 2025 செப்டம்பர் 22 அன்று மருந்துகளுக்கு ஜிஎஸ்டி குறைந்தபோது அரக்கோணத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் புது ஃபைல் போகவே இல்லை. மத்தியானம் ஒரு வாடிக்கையாளர் சண்டை பிடித்த பிறகுதான் தெரிந்தது. அரக்கோணத்தில் கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக எழுவதும் இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி ஆன்சிபிள் போடச் சொல்கிறான், பல கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவியாம். அதே வேலைக்கு நண்பர் ஒருவர் பப்பெட் என்கிறார். எதை எடுப்பது, எங்கே ஆரம்பிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, "ஒரு வாடிக்கையாளர் சண்டை பிடித்த பிறகுதான் தெரிந்தது" என்பது. அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வரியோடு சேர்த்து மாதம் 2,000 ரூபாய்க்கு மாத்திரை வாங்கும் ஒரு பெரியவரின் பில் 1,875 ரூபாய் ஆகியிருக்க வேண்டும். 125 ரூபாய் அவருக்குப் பெரிய காசு. அந்த வாடிக்கையாளர் கேட்டிருக்காவிட்டால் உங்களுக்கு அன்று சாயங்காலம் வரை தெரிந்திருக்காது. முக்கால் மணி நேர வேலையை மூன்று நிமிடமாக்குவது சுலபம். எந்தக் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்று கடை திறப்பதற்கு முன்பே தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். கீழே நான் சொல்வது எல்லாம் அதற்காகத்தான்.

முதலில், எஸ்சிபி ஏன் உங்களைக் கைவிட்டது என்று பார்ப்போம். 14 பெயர்களை வரிசையாக வைத்து ஒரு ஸ்கிரிப்டில் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு கடையில் லைன் இல்லையென்றால் எஸ்சிபிக்கு அடியில் ஓடும், தூரத்துக் கம்ப்யூட்டரோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச், இணைப்புக்கான நேர வரம்பு கொடுக்காவிட்டால் லினக்ஸில் சுமார் இரண்டு நிமிடம் சும்மா காத்திருக்கும். அப்புறம் ஒரு வரி பிழை காட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடும். அந்த வரி மேலே உருண்டு போன பிறகு யாரும் பார்ப்பதில்லை. இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. எஸ்சிபி, இலக்கில் இருக்கும் ஃபைலின் மேலேயே நேராக எழுதுகிறது. பாதியில் லைன் அறுந்தால் பாதி விலைப்பட்டியல்தான் அங்கே இருக்கும். பில் போடும் சாஃப்ட்வேர் அந்தப் பாதியைப் படித்துக்கொண்டு "இந்த மருந்து பட்டியலில் இல்லை" என்று சொல்லும். கடைப் பையன் கையால் விலை போடுவான். ஃபைல் போகாததைவிடப் பாதி போனது ஆபத்து.

சரி, எந்தக் கருவி? உங்கள் அளவுக்கு ஆன்சிபிள். தம்பி சொன்னது சரி. இந்த வகைக் கருவிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு: 1993இல் மார்க் பர்கஸ் தொடங்கிய சிஎஃப்எஞ்சின், 2005இல் பப்பெட், 2009இல் செஃப், 2011இல் சால்ட், 2012இல் மைக்கேல் டிஹான் உருவாக்கிய ஆன்சிபிள். எல்லாவற்றுக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றுதான். "இதைச் செய், அதைச் செய்" என்று கட்டளை அடுக்காமல், "இந்த இடத்தில் இந்த ஃபைல், இந்த உள்ளடக்கத்தோடு, இந்த அனுமதியோடு இருக்க வேண்டும்" என்று எழுதிவைக்கிறீர்கள். கருவி போய்ப் பார்க்கும். அப்படியே இருந்தால் தொடாது, இல்லையென்றால் சரி செய்யும். பத்து முறை ஓட்டினாலும் முடிவு ஒன்றே. இந்தக் குணம் எவ்வளவு பெரிய உதவி என்பது கீழே தினசரி ஓட்டத்தில் தெரியும்.

பப்பெட் மோசமானது இல்லை. ஆனால் அதற்கு ஒவ்வொரு கடைப் பெட்டியிலும், அதாவது கடை சர்வரிலும், ஏஜென்ட் என்ற ஒரு சின்ன நிரல் ஓட வேண்டும், மையத்தில் ஒரு சர்வர் வேண்டும், சான்றிதழ்களைப் பராமரிக்க வேண்டும். அந்த ஏஜென்ட் வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை தானே வந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான பெட்டிகளும் அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்களும் இருந்தால் அந்த உழைப்புக்குப் பலன் உண்டு. நீங்கள் ஒரே ஆள். ஆன்சிபிளுக்குக் கடைப் பெட்டியில் எஸ்எஸ்எச்சும் பைத்தான் என்ற நிரல் மொழியும் இருந்தால் போதும். உபுண்டுவில் பைத்தான் ஏற்கெனவே இருக்கிறது, எஸ்சிபி போகிறது என்றால் எஸ்எஸ்எச்சும் இருக்கிறது. கடைப் பக்கம் புதிதாக எதையும் ஏற்ற வேண்டாம். உங்கள் காட்பாடி அலுவலகத்தில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மட்டும் ஆன்சிபிளைப் போடுங்கள். அது விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாகத்தான் ஓடும்.

முதல் வேலை இன்வென்டரி, அதாவது எந்தெந்தப் பெட்டிகள், அவற்றின் முகவரி என்ன என்ற பட்டியல். இதை 14 பெயர்களின் வெறும் வரிசையாக எழுதிவிடாதீர்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று குழுவாகப் பிரியுங்கள். நம் ஊரில் இதற்கு ஒரு காரணமும் உண்டு. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டத்திலிருந்து 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. பெயர்ப் பலகையில் இன்றும் "வேலூர் மாவட்டம்" என்று இருக்கும் கடைகள் ஆம்பூரிலும் ஆற்காட்டிலும் எத்தனையோ. உங்கள் பில்லின் தலைப்பில் கடை முகவரி, மருந்து உரிம எண், போன் நம்பர் எல்லாம் வரும் அல்லவா? இதற்கு 14 தனித்தனி ஃபைல் வைத்திருந்தால், மாவட்டப் பெயர் மாறிய அன்று அத்தனையையும் திறந்து திருத்த வேண்டும். ஆன்சிபிளில் "மாவட்டம்" என்ற மாறியைக் குழுவுக்கு ஒருமுறை எழுதினால் போதும். ராணிப்பேட்டைக் குழுவில் ஒரு வரியை மாற்றினால் ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் மூன்று கடையின் பில்லும் மாறிவிடும். கடைக்குக் கடை வேறுபடும் உரிம எண்ணை அந்தந்தக் கடையின் பெயரில் உள்ள சின்ன ஃபைலில் வையுங்கள். பில் வடிவம் ஒன்றே ஒன்று. அதில் இரட்டை நெளிவு அடைப்புக்குள் மாறியின் பெயர் இருக்கும். டெம்ப்ளேட் என்ற மாட்யூல் (ஆன்சிபிளில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் பகுதி) கடைக்கு ஏற்றபடி அதை நிரப்பி அனுப்பும். இந்த நிரப்பும் மொழிக்கு ஜின்ஜா என்று பெயர். ஒரு மத்தியானத்தில் கற்றுக்கொள்ளலாம்.

அடுத்தது, எந்தப் பயனராக உள்ளே போவது. ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக, போகாதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இந்த வேலைக்கென்று ஒரு பயனரை உருவாக்கி, விலைப்பட்டியல் இருக்கும் ஃபோல்டரை அந்தப் பயனருக்குச் சொந்தமாக்குங்கள். அப்படிச் செய்தால், ரூட் அதிகாரத்தைக் கடன் வாங்கும் சுடோ அனுமதியே தேவைப்படாது. சிலர் "சுடோவில் குறிப்பிட்ட இரண்டு கட்டளைக்கு மட்டும் அனுமதி கொடுக்கிறேன்" என்று முயற்சி செய்வார்கள். ஆன்சிபிளோடு அது ஒத்துவராது, ஏனென்றால் அது அங்கே போய் ஓட்டுவது ஒவ்வொரு முறையும் ஒரு பைத்தான் நிரல். ஃபோல்டரின் சொந்தத்தை மாற்றுவதுதான் சுத்தமான வழி. பாஸ்வேர்டுக்குப் பதிலாக எஸ்எஸ்எச் சாவி வையுங்கள். பில் சாஃப்ட்வேரின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு போல ரகசியம் எதையாவது அனுப்ப வேண்டியிருந்தால் ஆன்சிபிள் வால்ட்டில் பூட்டி வையுங்கள்.

இப்போது விலைப்பட்டியலுக்கு வருவோம். இதற்கு காப்பி மாட்யூல். அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், உங்கள் பிரச்சினைக்கான மருந்து இங்கேதான் இருக்கிறது. உங்களிடம் உள்ள ஃபைலுக்கும் கடையில் உள்ள ஃபைலுக்கும் செக்சம் என்ற கைரேகையை முதலில் கணக்கிட்டு ஒப்பிடும். இரண்டும் ஒன்றானால் எதையும் அனுப்பாது. வேறானால், புது ஃபைலைக் கடைப் பெட்டியில் ஒரு தற்காலிக இடத்துக்குக் கொண்டுபோகும். முழுதாக வந்து இறங்கிய பிறகே, ஒரே நொடியில் பழையதின் இடத்தில் மாற்றி வைக்கும். நடுவில் லைன் அறுந்தால் பழைய பட்டியல் பழையபடி முழுதாக இருக்கும். பாதிப் பட்டியல் என்ற பேச்சே கிடையாது.

இதோடு வேலிடேட் என்ற ஒரு விருப்பத்தையும் கட்டாயம் சேருங்கள். தற்காலிக இடத்தில் இறங்கிய ஃபைலை, இடம் மாற்றும் முன் உங்கள் சோதனை ஒன்றுக்கு உட்படுத்தும். பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் போதும்: தலைப்பு வரி சரியா, குறைந்தபட்சம் இத்தனை ஆயிரம் வரி இருக்கிறதா, விலை இருக்க வேண்டிய இடத்தில் எண் இருக்கிறதா. எக்செல்லில் திறந்து சேமித்தபோது ஒரு நெடுவரிசை நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை இல்லையென்றால் ஆன்சிபிள் அந்தத் தப்பான பட்டியலையும் 14 கடைக்கும் பிழையே இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். தானியங்கியாக்கும்போது தப்பும் சேர்ந்து வேகமாகப் பரவும்.

பேக்கப் விருப்பத்தையும் போடலாம். மாற்றும் முன் பழைய ஃபைலைத் தேதி நேரத்தோடு எடுத்து வைக்கும். தினமும் ஒன்று சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ஒரு மாதத்துக்கு மேற்பட்டவற்றை அழிக்கவும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அனுமதியைக் குறிக்கும் மோட் என்ற இடத்தில் மட்டும் கவனம். 0644 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். மேற்கோளும் இல்லாமல், முன்னால் உள்ள சைபரையும் விட்டுவிட்டு 644 என்று எழுதினால், ஆன்சிபிளுக்கு எழுதும் வடிவமான யாமல் அதைச் சாதாரண எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டின் அடிமானத்தில் அது 1204 ஆகிவிடும். அந்த அனுமதியோடு போய் உட்கார்ந்த ஃபைலை அதன் சொந்தக்காரரே படிக்க முடியாது. எத்தனையோ பேர் இதில் அரை நாளைத் தொலைத்திருக்கிறார்கள்.

தினசரி ஓட்டம் எப்படி இருக்க வேண்டும்? ஆன்சிபிள் ஒரே நேரத்தில் ஐந்து பெட்டிகளைத்தான் கவனிக்கும். ஃபோர்க்ஸ் என்ற அமைப்பை 15 ஆக்கினால் 14 கடைக்கும் ஒரே சமயத்தில் போகும். காலை 6 மணியிலிருந்து 9 மணி வரை கால் மணிக்கு ஒருமுறை கிரானில் (நேரம் குறித்து வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓட்டுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டுவதற்குப் பயப்பட வேண்டாம், ஏற்கெனவே சேர்ந்த கடையை அது தொடாது. 6 மணிக்குப் பேரணாம்பட்டில் கரண்ட் இல்லை, 6.40க்கு வந்தது என்றால், 6.45 ஓட்டத்தில் பட்டியல் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். முன்பு நீங்கள் நினைவு வைத்து மறுபடி அனுப்ப வேண்டியிருந்த வேலை இது.

ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் கடைக்கு ஒரு வரி வரும். ஓகே, சேஞ்ட், அன்ரீச்சபிள், ஃபெயில்ட் என்று எண்ணோடு. சேஞ்ட் ஒன்று என்றால் இப்போதுதான் புதுப் பட்டியல் போனது. சேஞ்ட் சைபர், அன்ரீச்சபிளும் ஃபெயில்டும் சைபர் என்றால் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. அன்ரீச்சபிள் ஒன்று என்றால் கடையைத் தொடவே முடியவில்லை. ஏதாவது ஒரு கடை விட்டுப்போயிருந்தாலும் ஆன்சிபிள் முடியும்போது சைபர் அல்லாத எண்ணைத் திருப்பித் தரும். 8.30 ஓட்டத்தில் அப்படி வந்தால் உங்கள் போனுக்குக் கடைப் பெயரோடு டெலிகிராமில் ஒரு செய்தி வரும்படி ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள். கடை திறக்க அரை மணி இருக்கும்போது ஒரு போன் போட்டுப் பேசிவிடலாம். இன்னொரு சின்ன ஏற்பாடும் செய்யுங்கள்: பில்லின் அடியில் "விலைப்பட்டியல் தேதி" என்று ஒரு வரி அச்சாகட்டும். பில் போடும் பெண்ணே பார்த்து, "அண்ணா, இங்கே நேத்து தேதிதான் வருது" என்று சொல்வார்.

விலைப்பட்டியலுக்கு இப்படி எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். பில் வடிவத்தையோ சாஃப்ட்வேர் அமைப்பையோ மாற்றும்போது அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சீரியல் என்ற அமைப்பில் முதலில் ஒரு கடை, பிறகு மற்றதெல்லாம் என்று கொடுக்கலாம். உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடையை முதலாவதாக வையுங்கள். அதில் தோற்றால் ஆன்சிபிள் அங்கேயே நின்றுவிடும். இதே சீரியலைத் தினசரி விலைப்பட்டியலுக்கும் போட்டுவிடக் கூடாது. அந்த முதல் கடையில் கரண்ட் இல்லாத ஒரு காலையில் மீதி 13 கடையும் பட்டியல் இல்லாமல் நிற்கும். எந்த மாற்றத்துக்கு முன்பும் செக், டிஃப் என்ற இரண்டு விருப்பங்களோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எதையும் மாற்றாமல், எந்த வரி என்னவாக மாறப்போகிறது என்று மட்டும் காட்டும்.

இனி செப்டம்பர் 22. குறிப்பிட்ட தேதியில் அமலுக்கு வரும் மாற்றங்களுக்கு, ஃபைலைக் கொண்டு சேர்ப்பதையும் அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதையும் தனித்தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வரிக் குறைப்பு செப்டம்பர் 3ஆம் தேதிக் கூட்டத்திலேயே அறிவிக்கப்பட்டது. புது விகித ஃபைல் தயாரானதும், பழையதைத் தொடாமல், தேதியைப் பெயரில் சேர்த்துப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்திருக்கலாம். பில் சாஃப்ட்வேர் படிப்பது "தற்போதைய" என்ற பெயருள்ள ஒரு இணைப்பை, அதாவது சிம்லிங்கை. 21ஆம் தேதி இரவு வரை அந்த இணைப்பு பழைய ஃபைலைக் காட்டிக்கொண்டிருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியும் தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே இணைப்பைப் புது ஃபைலுக்கு மாற்றிக்கொள்ளும். இதற்கான டைமரையும் ஆன்சிபிள் மூலமே முன்கூட்டி வைத்துவிடலாம். அன்று காலை எந்தக் கடையில் லைன் இல்லாவிட்டாலும் சரியான வரிதான் வந்திருக்கும், ஏனென்றால் ஃபைல் பத்து நாளைக்கு முன்பே அங்கே இருக்கிறது. பெட்டி இரவில் அணைந்திருந்தாலும் காலையில் எழுந்ததும் விட்டுப்போன வேலையைச் செய்யும்படி டைமரை அமைக்க முடியும். டைமர்களை ஓட்டும் சிஸ்டம்டியில் பெர்சிஸ்டன்ட் என்று ஒரு வரி அதற்காகவே இருக்கிறது. அடுத்த ஜிஎஸ்டி மாற்றத்துக்கு நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

மருந்துப் படங்கள், துண்டுப் பிரசுரங்கள் என்று ஆயிரக்கணக்கான ஃபைல்களை அனுப்பும் தேவை வந்தால் காப்பி மாட்யூல் வேண்டாம், மிக மெதுவாக இருக்கும். ஃபைல்களை ஒத்திசைக்கும் ஆர்சிங்க்கைப் பயன்படுத்தும் சிங்க்ரனைஸ் மாட்யூலை எடுங்கள். மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும், வேகமானது. அதில் டெலிட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது. மூலத்தில் இல்லாதவற்றை இலக்கிலிருந்தும் நீக்கிவிடும். பல வருடங்களுக்கு முன் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் நிறுவனத்தில் இந்த வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் மாதிரிகளின் படங்கள் நெட்வொர்க் டிஸ்க் ஒன்றில் இருக்கும், அங்கிருந்து ஒவ்வொரு கிடங்குக்கும் போகும். ஒருநாள் அதிகாலை அந்த டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது இணையவில்லை. ஃபோல்டர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. ஆர்சிங்க் சொன்னபடியே செய்தது: மூலம் காலி, ஆகவே இலக்கும் காலி. 7 மணிக்கு ஒரு கிடங்கிலிருந்து போன் வந்தது, "சார், ஸ்கிரீன்ல ஒரு படமும் இல்ல." அடுத்த பத்து நிமிடத்தில் மற்ற கிடங்குகளும் கூப்பிட்டன. பேக்கப்பிலிருந்து மீட்க இரண்டு நாள் ஆனது, அதற்குள் வெளிநாட்டு இறக்குமதியாளர் ஒருவருக்கு மாதிரி காட்ட முடியாமல் போனது. அன்றிலிருந்து டெலிட் போடும் இடத்திலெல்லாம் இரண்டு காவல் வைக்கிறேன். முதல் பணியாக மூலத்தில் குறைந்தது இத்தனை ஃபைல் இருக்கிறதா என்று சரிபார்த்து, இல்லையென்றால் நிறுத்துவது ஒன்று. ஒரு ஓட்டத்தில் இத்தனைக்கு மேல் நீக்காதே என்று ஆர்சிங்க்குக்கு வரம்பு கொடுப்பது இன்னொன்று. நீங்களும் செய்யுங்கள்.

இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கடைகளின் பிராட்பேண்டில் தனி ஐபி முகவரி இல்லாமல் பலருக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருந்தால், வெளியிலிருந்து எஸ்எஸ்எச் உள்ளே போகாது. இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் தயவுசெய்து மூடுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் போடுங்கள், அதாவது இணையத்தின் வழியே ஒரு பாதுகாப்பான தனிப் பாதை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 2020லிருந்தே சேர்ந்திருக்கிறது. கடைப் பெட்டிகள் உங்கள் மையத்தைக் கூப்பிட்டு இணைந்துகொள்ளும், மையத்துக்கு மட்டும் நிலையான முகவரி இருந்தால் போதும். கீப்அலைவ் 25 நொடி என்று கொடுத்தால் இணைப்பு விழித்தே இருக்கும்.

கடைசியாக அரக்கோணம். அந்தப் பெட்டியின் பயாஸ் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அமைப்பில், கரண்ட் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் "அணைந்தே இரு" என்று இருந்திருக்கும், அதை "எழுந்திரு" என்று மாற்ற வேண்டும். கரண்ட் போகும்போதெல்லாம் தேதியும் பின்னுக்குப் போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரியையும் மாற்றுங்கள். அது தீர்ந்தால் பயாஸில் செய்த மாற்றமும் மறந்துபோகலாம், நள்ளிரவு டைமரும் தப்பான தேதியில் ஓடும். இந்த ஒரு வேலையை ஆன்சிபிளால் செய்ய முடியாது. காட்பாடியிலிருந்து ரயிலில் சுமார் 60 கிலோமீட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை வாங்கிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். மாற்றி முடித்ததும் மெயின் ஸ்விட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டுப் போட்டு, பெட்டி தானாக எழுகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.